முன்னுரையில் மட்டும் ஓடும் ஆறு

தண்ணீரில் கலந்த கன உலோக அயனிகளைக் கண்டுபிடிக்கும் ஒளிர்வு உணரிகளைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரைகளில் நூறையாவது படித்திருப்பேன். ஒன்றை எழுதியும் இருக்கிறேன். அவற்றின் முதல் பத்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். தொழிற்சாலைக் கழிவுகளால் நீர்நிலைகள் கெடுகின்றன. பாதரசம் நரம்பைத் தாக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் அரிக்கும். மினமாட்டா ஒரு வரியில் வந்துபோகும். ஆகவே மலிவான, எளிய, விரைவான உணரி ஒன்று உடனடித் தேவை என்று பத்தி முடியும். அடுத்த பத்தியில் மூலக்கூறு வந்துவிடும். அதன்பிறகு கட்டுரை முடியும்வரை ஆறும் வராது, கிணறும் வராது, குடிக்கிற மனிதரும் வரமாட்டார். கடைசியில் ‘சுற்றுச்சூழல் மாதிரிகளில் பயன்படுத்த வாய்ப்புண்டு’ என்று ஒரு மங்களம் பாடி முடித்துவிடுவார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். ஊராருடைய தண்ணீரை முன்னுரைக்காக எடுத்துக்கொண்டு, அந்த ஊராருக்குத் திருப்பிச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லாத ஆய்வு, வாங்கிய கடனைத் திருப்பித் தராத ஆய்வு. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இந்தக் கடனில் நிற்கின்றன. நம் ஊர் வேதியியல் துறைகளுக்கும் அதில் கணிசமான பங்குண்டு.

கையும் விளக்கும்

முதலில் அந்த அறிவியலுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். அதில் உண்மையான அழகு இருக்கிறது. டானிக் வாட்டர் பாட்டிலைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிலுள்ள குயினைன் நீலமாக ஒளிரும். இப்படிப்பட்ட ஒளிர்வுக்கு 1852இல் பெயர் சூட்டியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். 1867இல் கோப்பெல்ஸ்ரோடர் என்பவர், மரத்திலிருந்து எடுக்கும் மோரின் என்ற மஞ்சள் சாயம் அலுமினியத்தோடு சேர்ந்தால் பளிச்சென்று ஒளிர்வதை வைத்து அலுமினியத்தைக் கண்டறிய வழி சொன்னார். இந்தத் துறையின் பாட்டன் அவர்தான்.

இன்றைய உணரி மூலக்கூறைக் கையும் விளக்கும் சேர்ந்த பொம்மை என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு முனையில் உலோக அயனியைப் பிடிக்கும் கை, மறுமுனையில் ஒளிரும் விளக்கு. கை காலியாக இருக்கும்போது அங்கிருந்து ஓர் எலெக்ட்ரான் தாவிப்போய் விளக்கை அணைத்துவிடும். அயனி வந்து கையில் உட்கார்ந்தால் அந்தத் தாவல் நின்றுபோய் விளக்கு எரியும். இந்த வடிவமைப்பை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர், இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய பிராசன்ன டி சில்வா. ரோடமைன் சாயத்தை வைத்துச் செய்வது இன்னொரு வழி. மூடிய வளையமாக நிறமில்லாமல் கிடக்கும் மூலக்கூறு, உலோகம் தொட்டதும் திறந்து இளஞ்சிவப்பாக மாறி ஒளிரும். முதன்முதலில் அதை என் கண்ணால் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே ‘இதெல்லாம் வீண்வேலை’ என்று சொல்பவனல்ல நான். அந்த அழகை எதற்கு விற்றோம் என்பதுதான் என் கேள்வி.

ஒரு பாட்டில் தண்ணி

நான் பிஎச்.டி. செய்தபோது என் மூலக்கூறு குரோமியத்தைப் பிடிப்பது. மூன்று நேர்மின்சுமை கொண்ட குரோமியம், அதாவது குரோமியம் மூன்று. ரோடமைனோடு ஒரு ஷிஃப் காரத்தைச் சேர்த்துச் செய்தது. கட்டுரையின் முதல் வரியில் தோல் தொழிற்சாலைகளும் பாலாறும் இருந்தன.

எங்கள் துறையில் ஆய்வக உதவியாளராக ஓர் அண்ணன் இருந்தார். வாலாஜாபேட்டைப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. ஒருநாள் காலையில் ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீரோடு என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, தண்ணியில கலந்த விஷத்தக் கண்டுபுடிக்கிற மருந்து செய்றீங்களாமே. இது எங்க ஊட்டு போர் தண்ணி. கொஞ்சம் பாத்து சொல்றீங்களா?”

பார்த்தேன். என் மூலக்கூறை நேராக அந்தத் தண்ணீரில் போட்டதும் கரையாமல் பால்போலக் கலங்கி நின்றது. எங்கள் வழக்கமான முறைப்படி ஒன்பது பங்கு அசிட்டோநைட்ரைலும் ஒரு பங்கு அவர் தண்ணீருமாகக் கலந்து மறுபடி போட்டேன். தெளிவாகக் கரைந்தது. புற ஊதா விளக்கின் கீழே வைத்தேன். எந்த மாற்றமும் இல்லை. சாரிடம் போய்ச் சொன்னேன். “அதுல நேரத்த வீணாக்காதப்பா, பேப்பருக்கு டேப் வாட்டர் போதும்” என்றார். அவர் கெட்டவர் அல்ல. வருடத்துக்கு இத்தனை கட்டுரை என்ற கணக்கு அவர் தலைமேல் தொங்கியது.

மாலையில் அண்ணன் வந்து கேட்டார். “ஒண்ணும் தெரியலண்ணே” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “ஒண்ணும் இல்லியா? நல்லதாப் போச்சு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்னது ‘ஒண்ணும் தெரியல.’ அவர் கேட்டது ‘ஒண்ணும் இல்ல.’ திருத்தவேண்டும் என்று தோன்றியது, திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி வரும்: ‘அப்போ உங்க மருந்து எதுக்கு தம்பி?’

அந்தத் தவறின் கணக்கு

பல ஆண்டுகள் கழித்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கட்டுரையில் நான் எழுதிய கண்டறியும் எல்லை 0.4 மைக்ரோமோலார். குரோமியத்துக்கு அது லிட்டருக்கு ஏறத்தாழ 21 மைக்ரோகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். தாளில் நான் பாஸ். ஆனால் அவருடைய தண்ணீரை நான் பத்து மடங்கு நீர்த்திருந்தேன். அதில் அனுமதித்த அளவைப்போல நான்கு மடங்கு, அதாவது 200 மைக்ரோகிராம் இருந்திருந்தாலும் என் குப்பிக்குள் வந்திருக்கக்கூடியது 20தான். என் விளக்கு எரிந்திருக்காது.

அந்த 0.4 என்ற எண்ணின் கதையையும் சொல்லவேண்டும். அந்த அளவுக் குரோமியத்தை நான் ஒருநாளும் குப்பியில் போட்டு அளந்ததில்லை. வெறும் கரைசலைப் பத்துமுறை அளந்து, அளவுகளுக்குள் இருக்கும் சிதறலைக் கணக்கிட்டு, மூன்றால் பெருக்கி, அதைவிடப் பலமடங்கு செறிவில் வரைந்த கோட்டின் சாய்வால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும். முறை செல்லும் முறைதான். ஆனால் அது சுத்தமான கரைப்பானில் கிடைத்த ஊகம். இதைச் சுருக்கத்தில் ‘கண்டறிந்தோம்’ என்று எழுதுவதுதான் வழக்கமாகிவிட்டது.

குரோமியம் பரவாயில்லை, அதன் வரம்பு கொஞ்சம் தாராளம். ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், பாதரசத்துக்கு 1. ஒரு மைக்ரோமோலார் ஈயம் என்றால் 207 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோமோலார் பாதரசம் என்றால் 200. ஆக, ‘மைக்ரோமோலார் அளவிலேயே கண்டறியும் மிக நுட்பமான உணரி’ என்று ஒருவர் எழுதினால், ஈயத்தில் வரம்பைப்போல இருபது மடங்கும், பாதரசத்தில் இருநூறு மடங்கும் சேர்ந்த பிறகுதான் அது கண் விழிக்கும். அதுவரை அது சொல்வது ‘ஒண்ணும் தெரியல.’ குடிப்பவர் காதில் விழுவது ‘ஒண்ணும் இல்ல.’

அடுத்தது கூட்டம். போர் தண்ணீர் என்பது காய்ச்சி வடித்த நீர் அல்ல. கால்சியம் மட்டுமே லிட்டருக்கு 75 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது அதே தரம். எண்ணிக்கையில் பார்த்தால், வரம்பளவு ஈயம் உள்ள தண்ணீரில் ஓர் ஈய அயனிக்கு ஏறத்தாழ 39 ஆயிரம் கால்சியம் அயனிகள் என்றாகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஒரு திருடனைப் பிடிக்கும் வேலை இது. நாங்கள் செய்த சோதனை என்ன? ஒரு நேரத்தில் ஓர் அயனியை உள்ளே விட்டு, ‘இவன் இல்லை, இவன் இல்லை, இவன்தான்’ என்று அடையாள அணிவகுப்பு நடத்தினோம். எல்லோரையும் சேர்த்து விட்ட சோதனையிலும் மற்றவர்களைச் சம அளவிலோ சில மடங்கிலோதான் விட்டோம். ஆயிரக்கணக்கான மடங்கில் விட்டுப்பார்த்தால் படம் கெட்டுவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

பிறகு கரைப்பான். தண்ணீரைச் சோதிக்கும் மூலக்கூறு தண்ணீரில் கரையாது. என்னுடையதைப் போன்ற ஷிஃப் காரங்களில் பல, தண்ணீரில் கொஞ்ச நேரம் இருந்தால் உடைந்தும் போகும், அதுவும் அமிலம் இருந்தால் சீக்கிரம். அதனால் அசிட்டோநைட்ரைலில் வேலை. அது நச்சு, எளிதில் தீப்பற்றுவது. எந்த ஊராட்சி அலுவலகத்தில் அதை வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரைப் பார்ப்பார்கள்?

கடைசிக் கணக்குதான் என்னை உண்மையில் வெட்கப்படவைத்தது. குரோமியத்தில் கொடியது ஆறு. அது நேர்மின்சுமையோடு தனியாக அலைவதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர்மின்சுமை கொண்ட உருவத்தில் இருக்கும். நேர்மின்சுமையைப் பிடிக்கச் செய்த என் கைக்கு அது அகப்படாது. குரோமியம் மூன்றோ, சாதாரணக் கிணற்றுத் தண்ணீரின் காரத்தன்மையில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், கரைந்து நிற்பது மிகக் குறைவு. ஆக, அந்தப் போர் தண்ணீரில் குரோமியம் இருந்திருந்தால் பெரும்பாலும் ஆறாகத்தான் இருந்திருக்கும். நான் தேடியதோ மூன்றை. இருக்கவே வாய்ப்பில்லாத ஆளை, பார்க்கவே முடியாத கண்ணால் தேடிவிட்டு, ‘ஒண்ணும் தெரியல’ என்று சொல்லியிருக்கிறேன். மினமாட்டாவை முன்னுரையில் போடும் பாதரச உணரிகளில் பலவும் இதே கதைதான். அங்கே மக்களைச் சிதைத்தது மீத்தைல் பாதரசம். உணரி பிடிப்பது சாதாரணப் பாதரச அயனியை.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. குரோமியம் ஆறுக்கு டைஃபீனைல் கார்பசைடு என்ற நூறாண்டுக்கு மேல் பழைய சோதனை இருக்கிறது. அமிலத்தில் கலந்து ஊற்றினால் ஊதா நிறம் வரும். கல்லூரியில் இருக்கும் சாதாரண நிறமாலைமானியை வைத்தே குடிநீர் வரம்பளவு குரோமியத்தைப் பார்த்துவிடலாம். அந்த பாட்டில் எங்கள் ஸ்டோர் ரூம் அலமாரியில் இருந்தது. பழைய சோதனையில் பேப்பர் வராது என்பதால் எனக்கு அது கண்ணில் படவில்லை.

மஞ்சள் தண்ணீர், சிவப்புப் பெயின்ட்

ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயனங்கள் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த தண்ணீர் மஞ்சளாக ஓடியது. குரோமியம் ஆறு அந்த அளவுக்குச் சேர்ந்தால் கண்ணுக்கே தெரியும். உணரியே வேண்டாம், ஆடு மேய்க்கும் சிறுவனே சொல்லிவிடுவான். பாலாற்றுப் படுகைத் தோல் தொழிற்சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பே சொல்லிவிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் அந்த வழக்குக்கு முக்கிய இடம் உண்டு. இத்தனைக்கும் பிறகு ஒரு வேதியியல்காரன் எழுந்து, ‘இந்தப் பகுதியின் பிரச்சினை, கண்டறிய எளிய வழியில்லாததே’ என்று எழுதினால் அதை என்னவென்று சொல்வது?

அப்படியானால் கண்டறிவதே தேவையில்லையா? தேவை. வங்கதேசத்தைப் பாருங்கள். குளத்து நீரின் கிருமிகளிலிருந்து காப்பாற்றுவதற்காக ஊரெங்கும் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நிலத்தடியில் ஆர்சனிக் இருந்தது. 1992இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் அங்கே கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை தந்தது. சோதித்த பொருட்களின் பட்டியலில் ஆர்சனிக் இல்லை. பிற்பாடு பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டன்வரை போய் வழக்குத் தொடுத்தார். ‘தண்ணீரில் ஆர்சனிக் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லையே, அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்’ என்ற வாதம் வென்றது. 2006இல் பிரபுக்கள் சபை அவருடைய முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்கு அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது பாட்டிலோடு நின்ற அண்ணன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு அங்கே நடந்ததுதான் நாம் கற்கவேண்டியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். பெரும்பாலும் கையில் எடுத்துப்போகும் சிறு பெட்டிகளைக் கொண்டு. உள்ளே இருந்தது 19ஆம் நூற்றாண்டு வேதியியல். ஆர்சனிக்கை வாயுவாக்கி, ஒரு காகிதத் துண்டின்மேல் படவிட்டால் மஞ்சளிலிருந்து பழுப்புவரை நிறம் மாறும். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் குழாயின் வாயில் சிவப்புப் பெயின்ட், குறைவாக இருந்தால் பச்சை. அந்தப் பெட்டிகள் பிழை செய்தன. வரம்பை ஒட்டிய அளவுகளில் பல கிணறுகளுக்கு நிறம் மாறிப் பூசப்பட்டது என்று மேற்கு வங்க ஆய்வாளர்களே கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் பிழையைப் பற்றிப் பேச முடிந்ததே, விடை குழாயின்மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருந்ததால்தான். சிவப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பச்சைக் குழாய்க்கு நடந்த பெண்கள் பலர். நம் கட்டுரைகளில் எது ஒரு குடத்தையாவது இடம் மாற்றியிருக்கிறது?

‘அடிப்படை அறிவியல்’ என்ற குடை

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். அடிப்படை ஆய்வுக்கு உடனடிப் பயன் கேட்கக்கூடாது. இன்று விளையாட்டாகத் தெரிவது நாளை உதவும். டி சில்வாவின் வடிவமைப்பே இதற்குச் சான்று. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் பார்க்கும் மருத்துவமனைக் கருவிகளுக்குள் அது போய்ச் சேர்ந்து விற்பனையும் ஆனது.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஏன் போய்ச் சேர்ந்தது என்றும் கேட்கவேண்டும். ரத்தம் என்பது ஏறக்குறைய எல்லா மனிதரிடமும் ஒரே மாதிரியான கரைசல். அதில் சோடியம் எக்கச்சக்கம், மைக்ரோகிராம் தேடல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்த நோயாளிக்குச் சோடியம் எவ்வளவு?’ என்று தினமும் கேட்கும் டாக்டர் இருக்கிறார், அந்த விடைக்குக் காசு கொடுக்க மருத்துவமனை இருக்கிறது. வடிவமைத்தவர்கள் ரத்தத்தை முன்னுரையில் விட்டுவிட்டுப் போகவில்லை. ரத்தத்துக்குள்ளேயே மூலக்கூறை இறக்கி வேலை பார்த்தார்கள்.

கிணற்றுத் தண்ணீருக்கு அப்படிக் கேட்பவர் யார்? ஆலைக்காரர் கேட்கமாட்டார். விடை வந்தால் செலவு வரும் என்பதால் அதிகாரியும் கேட்கத் தயங்குவார். கேட்பவர் அந்த அண்ணன் ஒருவர்தான், அவரிடம் காசு இல்லை. நமக்குத் தெரியாமல் இந்தத் துறை தோற்கவில்லை. கேட்பவரை நாம் மேசையிலிருந்து திருப்பி அனுப்பியதால் தோற்றது.

வாய்ப்பும் இல்லாமல் இல்லை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டிகள் கொடுத்துப் பயிற்சியும் தருகிறார்கள். அந்தப் பெட்டிகளில் வழக்கமாகப் பார்ப்பது கார அமிலத் தன்மை, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, குளோரின் போன்றவற்றை. ஈயமும் பாதரசமும் காட்மியமும் ஆய்வகத்துக்குப் போகவேண்டியவை. அங்கே கருவி கோடி ரூபாயைத் தொடும், விடை வர நாள் ஆகும். அந்தப் பெட்டியில் ஒரு குப்பிக்கான இடம் காலியாக இருக்கிறது. இத்தனை ஆயிரம் மூலக்கூறுகளில் ஒன்றைக்கூட நம்மால் அங்கே உட்காரவைக்க முடியவில்லை.

எந்தக் கிணறு?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

தண்ணீருக்கான உணரி என்று எழுதுபவர், குடிநீர் வரம்பில் இருக்கும் அந்த அளவையே குப்பியில் போட்டு அளக்கட்டும். ஐந்து வேறு வேறு கிணறுகளின் தண்ணீரை, வடிகட்டிச் சுத்தமாக்காமல், நீர்க்காமல் எடுக்கட்டும். அதே தண்ணீரை ஐசிபி-எம்எஸ் கருவியிலும் பார்த்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடட்டும். எத்தனைமுறை விஷம் இருந்தும் தன் மூலக்கூறு பேசாமல் இருந்தது என்று எழுதட்டும். வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர்கள் ‘இதன் கட்டமைப்பு என்ன, பிணைப்பு மாறிலி என்ன’ என்று கேட்டு முடித்ததும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘எந்தக் கிணறு?’

வேதியியல் துறைகள் மாதம் ஒருநாளாவது கதவைத் திறந்து, சுற்றுவட்டார மக்கள் கொண்டுவரும் தண்ணீரைப் பழைய, நம்பகமான முறைகளில் பார்த்துச் சொல்லட்டும். கருவிகள் இருக்கின்றன, மாணவர்கள் இருக்கிறார்கள், ரசாயனங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். பார்க்காததையும் எழுதவேண்டும், அது முக்கியம்.

இவையெதற்கும் மனமில்லை என்றால், முதல் பத்தியை அடித்துவிடட்டும். ‘இந்த மூலக்கூறு இருட்டில் இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது, அது எப்படி ஒளிர்கிறது என்று அறிய ஆசைப்பட்டோம்’ என்று நேர்மையாக எழுதட்டும். அந்த ஆசைக்கு நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். மினமாட்டாவின் பிள்ளைகளையும் பாலாற்றுக்காரர்களையும் மட்டும் விட்டுவிடட்டும்.

என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அந்த அண்ணனின் பெயர் இருக்கிறது. குப்பிகளைக் கழுவிக் கொடுத்ததற்காக நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் கொண்டுவந்த தண்ணீரில் என்ன இருந்தது என்பது அந்த ஏட்டின் இருநூற்றுச் சொச்சம் பக்கங்களில் எங்கேயும் இல்லை.